செல்லாயி கடை ஆப்பம்

ஈப்போப் பக்கத்து ஆறாங்கட்டை ரப்பர்த் தோட்டத்துக் கள்ளுக்கடையில் ஒரு வழக்கம் இருந்தது. பீப்பாயைத் திறந்ததும் முதல் மங்கு கள்ளை, அந்தப் பீங்கான் குவளை நிறைய, விற்கிறவன்தான் குடிக்க வேண்டும். எல்லார் கண்ணெதிரிலும் ஒரே மூச்சில் குடித்து, மங்கைக் கவிழ்த்துக் காட்ட வேண்டும். அதற்கப்புறம்தான் வரிசையில் நிற்கிறவர்கள் தங்கள் மங்கை நீட்டுவார்கள். எந்தத் துரையும் இப்படி உத்தரவு போட்டதில்லை. தொழிலாளிகளே வைத்துக்கொண்ட வழக்கம் அது, விடிகாலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்குப் பிந்தினாலும் பிந்துவார்களே தவிர இதை மட்டும் விடமாட்டார்கள்.

அவர்கள் சந்தேகப்பட்டதில் தப்பே இல்லை. நல்ல கள்ளும் வெள்ளை, தண்ணீர் விட்ட கள்ளும் வெள்ளை. புளித்துக் கெட்டதில் சாக்கரினைக் கரைத்துவிட்டால் அதுவும் இனிக்கும். கண்ட மருந்தையும் கலந்து போதை ஏற்றினால் குடிக்கும்போது சுகமாகத்தான் இருக்கும், விடிந்த பிறகுதான் தலை இரண்டாகப் பிளக்கும். வாங்குகிறவனுக்குப் பார்த்துத் தெரியாது, மோந்தாலும் தெரியாது, குடித்தாலும் பாதிதான் தெரியும். இப்படிப்பட்ட ஒரு சரக்கை எதை நம்பி வாங்குவது?

சர்க்கார் முத்திரை ஒன்று இருக்கத்தான் இருந்தது. தெலுக் இந்தான் பக்கத்துத் தென்னந்தோப்பில் இறக்கிய கள்ளை ஓர் அதிகாரி பார்த்து, பீப்பாயின் வாயைக் கம்பியால் கட்டி, ஈயத்தை உருக்கி முத்திரை வைத்து அனுப்புவார். அந்த அதிகாரியைப் பற்றி யாரும் ஒரு குறை சொன்னதில்லை. ஆனால் தோப்பை விட்டுக் கிளம்பும்போது கள் நன்றாக இருந்தது என்பதைத்தான் அந்த முத்திரை சொல்லும். வழியில் லாரி எங்கே நின்றது, கம்பியை அறுக்காமலே பீப்பாய்ப் பலகையை நெகிழ்த்தத் தெரிந்த கைகாரன் எவனாவது ஏறினானா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. அதனால்தான் விற்கிறவனின் வயிற்றையே ஜனங்கள் இரண்டாவது முத்திரையாக வைத்துக்கொண்டார்கள்.

அந்த வயிறு சன்னாசியுடையது. செல்லாயியின் புருஷன். கடையை எடுத்து நடத்திய கன்ட்ராக்டர் இராமசாமி ஈப்போவில் புந்தோங்கில் இருந்தார். கடையில் நின்று ஊற்றியது சன்னாசி. சுபாவத்தில் அவன் குடிகாரனே இல்லை, கொடுத்தால் தேத்தண்ணியை நாள் முழுக்கக் குடித்துக்கொண்டிருப்பான். ஆனால் தினமும் சாயங்காலம் முதல் மங்கைக் குடித்தான், சம்பள நாளில் இரண்டு பீப்பாய் திறந்தால் இரண்டு மங்கு. குடித்துவிட்டுச் சிரிப்பான். அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான் வரிசை நகரும். போகப் போகக் கால் வீங்கியது, வயிறு உப்பியது, கண் மஞ்சளானது. ஈப்போ ஆஸ்பத்திரியில் டாக்டர் இனிமேல் ஒரு சொட்டுக்கூடக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்.

சன்னாசி கன்ட்ராக்டரிடம் போய் நின்றான். "கடையை நான் பாத்துக்கிறேன் மொதலாளி. குடிக்கிறதுக்கு மட்டும் வேற ஆள வச்சிக்கிங்க" என்றான்.

"விக்கிறவன் குடிக்காத கள்ள எவன்யா குடிப்பான்?" என்று கேட்டார் இராமசாமி.

 சன்னாசி திரும்பி வந்து, மறுபடியும் முதல் மங்கைக் கையில் எடுத்தான். எழுபத்தாறாம் வருஷம் மழைக்காலத்தில் செத்துப்போனான். செல்லாயிக்கு அழுகையை விடக் கோபம்தான் அதிகம். புருஷன் மேல் கோபம், கன்ட்ராக்டர் மேல் கோபம், ஒரு மனுஷனைச் சாகக் குடிக்கவைத்துவிட்டு நல்ல கள் என்று சப்புக்கொட்டிப் போன லயத்து வரிசை வீட்டு ஆம்பிளைகள் மொத்தப் பேர் மேலும் கோபம்.

ஆனால் கோபத்தை வைத்து உலை வைக்க முடியாதே. மலைக்காட்டில் பால் வெட்டும்போது வழுக்கி விழுந்து முழங்கால் போனவள் அவள். மறுபடி காட்டுக்குப் போக வழியில்லை. கடைக்குப் பின்னாலிருந்த ஒற்றை அறைதான் வீடு, ஒரே மகள் பாப்பா பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். கடை கை மாறினால் அறையும் போய்விடும். எனவே கடையைத் தானே பார்த்துக்கொள்வதாகக் கன்ட்ராக்டரிடம் கேட்டாள். அவர் நாடியைத் தடவி யோசித்தார். கள்ளைக் கண்டாலே மூஞ்சியைச் சுளிக்கிறவள், பீப்பாயில் ஒரு சொட்டும் குறையாது என்று கணக்குப் போட்டிருப்பார் போலிருக்கிறது. சரி என்றுவிட்டார்.

முதல் நாள் சாயங்காலம் வரிசை நின்றது. வரிசையின் தலைப்பில் எப்போதும் போல அப்பாவு. லயத்தில் எதற்கும் முதலில் வாயைத் திறக்கிறவன் அவன்தான்.

"அண்ணி, மொத மங்கு நீங்க குடிக்கணும்லா" என்றான்.

"எதுக்கு தம்பி?"

"வழக்கம்லா. சன்னாசி அண்ணே குடிப்பாரு."

"குடிச்சாரு. இப்ப எங்க படுத்திருக்காருன்னு தெரியும்ல? நீயுந்தான பாடையத் தூக்குன."

 யாரும் மங்கை நீட்டவில்லை. தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்கள், பிறகு இரண்டு பேராக மூன்று பேராகக் கலைந்தார்கள். சிலர் ரோட்டைத் தாண்டி சம்சு விற்கிற குடிசைப் பக்கம் போனதைச் செல்லாயி பார்த்தாள். அந்தத் திருட்டுச் சாராயத்துக்கு முத்திரையும் கிடையாது, வழக்கமும் கிடையாது. அதைக் குடித்துக் கண் போனவர்களைப் பற்றி எல்லாத் தோட்டத்திலும் கதை உண்டு. ஒரு வாரம் இப்படியே ஓடியது. மாதம் முடிவதற்குள் ஆட்கள் திரும்பாவிட்டால் வேறு ஆளைப் போடுவதாகக் கன்ட்ராக்டர் சொல்லியனுப்பினார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அடுப்படியில்தான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. கள்ளுக்கடைக்காரன் வீட்டில் ஆப்பத்துக்கு எப்போதும் கள்தான். ஒரு கரண்டி கள்ளை விட்டு மாவைக் கரைத்தால் சில மணி நேரத்தில் பானைக்கு மேலே பொங்கி நிற்கும், சட்டியில் ஊற்றினால் நடுவில் கண் கண்ணாகப் பூக்கும். ஆனால் சில ஞாயிற்றுக்கிழமைகளில் பொங்காது. மாவு படுத்தது படுத்தபடி கிடக்கும். அப்போதெல்லாம் செல்லாயி அரிசியைத் திட்டுவாள், சீனன் கடைக்காரன் பழைய அரிசியைத் தலையில் கட்டிவிட்டான் என்று அவனையும் சேர்த்துத் திட்டுவாள். இப்போது நின்று யோசித்தபோது அதே மூட்டை அரிசி அடுத்த வாரம் நன்றாகப் பொங்கியது ஞாபகம் வந்தது. அப்படியானால் கோளாறு அரிசியில் இல்லை. தண்ணீர் விட்ட கள்ளுக்கு மாவைத் தூக்கத் தெம்பில்லை, மருந்து போட்ட கள்ளுக்கு உயிரே இல்லை.

மறுநாள் காலை லாரி வந்ததும் தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்கொட்டகை ஆயா கருப்பம்மாளைக் கூப்பிட்டாள். "அக்கா, நீங்களே உங்க கையால கம்பிய வெட்டுங்க" என்று வெட்டுக் குறடு ஒன்றைக் கொடுத்தாள். கருப்பம்மாள் வெட்டினாள். எல்லாரும் பார்க்க அந்தப் பீப்பாய்க் கள்ளை மாவில் விட்டுக் கலக்கி, பானையைத் துணியால் மூடிக் கடை வாசல் பலகையிலேயே வைத்தாள். போகிறவன் வருகிறவன் எல்லாம் பார்த்துக்கொண்டு போனான். சாயங்காலம் ஆட்கள் வந்தபோது துணி கூடாரமாகத் தூக்கிக்கொண்டு நின்றது. செல்லாயி அடுப்பை வாசலுக்கே கொண்டுவந்து முதல் ஆப்பத்தைச் சுட்டாள். சுட்டதைப் பிய்த்துத் தான் பாதி தின்றாள், பாப்பாவுக்குப் பாதி கொடுத்தாள்.

"இது கள்ளுக்கடையா ஆப்பக்கடையா?" என்றான் அப்பாவு. சிலர் சிரித்தார்கள்.

"ரெண்டுந்தான். கள்ளு நல்லா இல்லன்னா இது பொங்காது. எம் மகளுக்கே குடுத்துட்டேன். இதுக்கு மேல என்ன சாட்சி வேணும் தம்பி ஒனக்கு?"

அப்பாவு அடுத்த ஆப்பத்தை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, கண் கண்ணாக இருந்த நடுப்பாகத்தை நகை வாங்குகிறவன் மாதிரி உற்றுப் பார்த்தான். விரலால் அமுக்கினான். அது எழும்பி வந்தது. மங்கை நீட்டினான்.

அதன் பிறகு அது ஒரு பழக்கமாகிவிட்டது. காட்டிலிருந்து திரும்புகிறவர்கள் பாலைக் கொட்டிவிட்டு வரும்போதே, "இன்னைக்கி ஆப்பம் எப்படி?" என்று கேட்டுக்கொண்டு வருவார்கள். ஆப்பம் கொஞ்சம் சோம்பலாக இருந்தால் செல்லாயியே, "இன்னைக்கிக் கொஞ்சம் தண்ணிதான், சும்மா சொல்லக்கூடாது" என்று சொல்லி மங்குக்கு மேல் ஒரு கை தாராளமாக ஊற்றுவாள். அப்படிச் சொன்ன நாட்களில் வியாபாரம் படுத்துவிடவில்லை, ஆட்கள் முனகிக்கொண்டே குடித்தார்கள். பக்கத்துத் தோட்டத்திலிருந்துகூடச் சைக்கிளில் வர ஆரம்பித்தார்கள். புருஷன் குடித்துக் காட்டிய இடத்தில் அவள் ஒரு சொட்டுக் குடிக்காமல் வருஷக்கணக்கில் கடை நடத்தினாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு. இருந்தால் என்ன தப்பு?

எண்பத்திரண்டாம் வருஷம் தீபாவளிக்கு முந்தின சம்பள நாள். வருஷத்தில் பெரிய வியாபாரம் அன்றைக்குத்தான். இரண்டு மாதமாகக் கன்ட்ராக்டருக்கு வேறு தலைவலி. தோட்டத்து இளசுகள் ஈப்போவில் ஃபேக்டரி வேலைக்குப் போய்விட, எல்லாக் கடையிலும் விற்பனை இறங்கியிருந்தது. "தீவாளி யாவாரத்துல மட்டும் கைய வச்சீன்னா கடைய மறந்துரு" என்று முன்னமேயே சொல்லியிருந்தார்.

லாரி ஓட்டும் சீனி காலையில் பீப்பாய்களை இறக்கினான். முத்திரை முத்திரையாக இருந்தது. கருப்பம்மாள் வந்து கம்பியை வெட்டினாள். செல்லாயி மாவைக் கலந்து வாசலில் வைத்தாள். உள்ளே அடுப்படியில் இன்னொரு பானை இருந்தது, பண்டிகைக்கு லயத்துப் பொம்பிளைகளுக்குக் கொடுப்பதற்காக நேற்றைய கள்ளை விட்டுக் கரைத்து வைத்த மாவு. அரிசி ஒரே மூட்டை, அரைத்த கை ஒரே கை.

மதியம் ஆனதும் வாசல் பானையின் துணியைத் தூக்கிப் பார்த்தாள். மாவு கஞ்சி மாதிரி தட்டையாகக் கிடந்தது. ஒரு கொப்புளம்கூட இல்லை. உள்ளே போய்ப் பார்த்தால் அடுப்படிப் பானை விளிம்பு தாண்டி வழிந்துகொண்டிருந்தது. பீப்பாயை மோந்து பார்த்தாள். எப்போதும் போல இனிப்பு வாசனைதான். இரண்டாவது பீப்பாயிலிருந்து கொஞ்சம் எடுத்து வேறு கிண்ணத்தில் கரைத்து வைத்தாள். ஒரு மணி நேரம் கழிந்தும் அதிலும் ஒரு கொப்புளம் வரவில்லை. 

காலிப் பீப்பாய் எடுக்க வந்த சீனி அவள் முகத்தைப் பார்த்து விஷயத்தைக் கேட்டுக்கொண்டான். "எனக்கு ஒண்ணும் தெரியாதுக்கா, நான் ஓட்டுறவன்லா" என்று முதலில் தன்னை விடுவித்துக்கொண்டான். பிறகு அடுப்படிப் பக்கம் எட்டிப் பார்த்தான்.

"இந்தா பொங்கிக்கிட்டு நிக்கிதே. இந்தப் பானையத் தூக்கி வாசல்ல வைங்க, அந்தப் பானைய உள்ள கொண்டாங்க. யாரு பாக்கப்போறா?"

"தப்பு இல்லையா சீனி?"

"தப்பு யாரோடது? சீல் இருக்கு. நல்ல கள்ளுன்னு சர்க்காரே சொல்லியாச்சி. மொதலாளி என்ன சொன்னாருன்னு மறந்துட்டீங்களா? பாப்பாவ வச்சிக்கிட்டு எங்கக்கா போவீங்க?"

அவன் கெட்டவன் இல்லை. அவளுக்காகத்தான் சொன்னான். சொல்லிவிட்டு லாரியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

செல்லாயி அடுப்படிப் பானையைத் தூக்கினாள். யாரும் பார்க்கவில்லை, பிள்ளைக்கொட்டகையில் குழந்தைகள் தூங்கும் நேரம். முழங்கால் வலித்தது. அறை வாசப்படியில் ஒரு நிமிஷம் பானையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு நின்றாள். அங்கிருந்து பார்த்தால் சன்னாசி நின்று ஊற்றிய இடம் நேராகத் தெரியும்.

அப்போதுதான் அது அவளுக்கு உறைத்தது. ஆப்பம் பொங்காத அந்த ஞாயிற்றுக்கிழமைகள். அரிசியை அவள் திட்டிய அதே நாட்களில், இதே இடத்தில், அதே பீப்பாயின் முதல் மங்கைச் சன்னாசி குடித்தான். குடித்துக் கவிழ்த்துக் காட்டிச் சிரித்தான். அத்தனை வருஷத்தில் ஒரு நாளாவது அவன் மங்கைக் கீழே வைத்து, இன்றைக்கு வேண்டாம் என்று சொன்னதுண்டா? இல்லை. அத்தனை பீப்பாயுமா நல்ல பீப்பாய்? நாக்கு உள்ளவன்தானே அவன், தெரியாமலா இருந்திருக்கும்? தெரிந்தேதான் விழுங்கியிருக்கிறான். வேலை போகுமே, அறை போகுமே, பெண்டாட்டி பிள்ளை எங்கே போவார்கள் என்று விழுங்கியிருக்கிறான். அவன் சிரிப்பை நம்பி ஒரு தோட்டமே பின்னால் வரிசையில் நின்று குடித்திருக்கிறது.

இத்தனை நாள் அவன் மேல் வைத்திருந்த கோபம் அவளுக்கு என்னவாயிற்று என்றே தெரியவில்லை. பானையை இறக்கிவைத்துவிட்டு வாசப்படியிலேயே உட்கார்ந்து அழுதாள். அவன் செத்த அன்றைக்குக்கூட அவள் அப்படி அழவில்லை.

சாயங்காலம் சம்பளக் கவரோடு கூட்டம் வந்தது. புதுச்சட்டை வாங்கிய பேச்சும் ஆட்டுக்கறிப் பேச்சுமாக ஒரே சத்தம். செல்லாயி அடுப்பை வாசலில் வைத்து, வாசல் பானையிலிருந்து முதல் ஆப்பத்தை ஊற்றினாள். அது ரொட்டி மாதிரி தட்டையாக வெந்தது. அதை எடுத்துப் பலகை மேல் எல்லாருக்கும் தெரிகிற மாதிரி வைத்தாள். சத்தம் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது.

"பாத்துக்கங்க. சீல் சரியாத்தான் இருந்துச்சு, கருப்பம்மா அக்காதான் வெட்டுனாங்க. ஆனா ஆப்பம் பொங்கல. ரெண்டு பீப்பாயும் அப்படித்தான். உள்ள என்னா இருக்குன்னு எனக்குத் தெரியாது. நான் ஊத்தமாட்டேன்" என்றாள்.

"சம்பள நாளும் அதுவுமா என்னாக்கா இது!" என்று பின்னாலிருந்து ஒருத்தன் கத்தினான். இன்னொருத்தன் கெட்ட வார்த்தையில் வைதான். அப்பாவு தட்டை ஆப்பத்தை எடுத்து, கட்டை விரலால் அமுக்கிப் பார்த்தான். பள்ளம் விழுந்த இடம் பள்ளமாகவே இருந்தது. திருப்பி வைத்தான்.

"வாங்கலா, ரோட்டத் தாண்டிப் போலாம்" என்று சிலர் நகர்ந்தார்கள்.

செல்லாயி எழுந்து நின்றாள். "கள்ளு இல்லன்னு சம்சுக்குப் போறீங்களா? இதுக்காவது பொங்கலன்னு சொல்ல ஒரு ஆப்பம் இருக்கு. அதுக்கு என்னாயா இருக்கு?"

போனவர்களில் சிலர் போய்த்தான் விட்டார்கள், எல்லாரையும் திருப்ப அவள் யார்? ஆனால் பெரும்பாலானவர்கள் நின்றுவிட்டார்கள். அடுப்படிப் பானையை வெளியே கொண்டுவந்து, இது நேற்றைய கள் என்று சொல்லிவிட்டு, தேங்காய்ப்பாலும் சீனியும் போட்டு ஆப்பமாகச் சுட்டுத் தள்ளினாள். சம்பள நாளில் ஆம்பிளைகள் தள்ளாடாமல் வீடு திரும்பியதைப் பார்த்து, யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்று லயத்துப் பொம்பிளைகள் பதறிக்கொண்டு ஓடிவந்தார்கள்.

மறுநாள் இராமசாமி காரில் வந்து இறங்கினார். "சர்க்கார் சீல் வச்ச கள்ளு. அதுக்கு மேல நீ யாரு?" என்று கேட்டார்.

"நான் யாரும் இல்ல மொதலாளி. பொங்கல, சொன்னேன்."

பீப்பாய்களைத் திருப்பி ஏற்றிக்கொண்டு போனார்கள். அவற்றில் என்ன கலந்திருந்தது, எங்கே கலந்தது என்று கடைசி வரைக்கும் யாருக்கும் தெரியவரவில்லை. அன்றைக்கே அறையைக் காலி செய்யச் சொன்னார். செல்லாயியும் பாப்பாவும் சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு கருப்பம்மாளின் லயத்து வீட்டில் ஒண்டிக்கொண்டார்கள். அந்தத் தீபாவளிக்கு அவர்கள் வீட்டில் எண்ணெய்ச் சட்டி ஏறவில்லை.

கடைக்கு சித்தியவானிலிருந்து புது ஆள் வந்தான். ஆள் நல்ல வாட்டசாட்டம். முதல் நாளே பழைய வழக்கத்தைக் கேள்விப்பட்டு, பீப்பாயைத் திறந்து ஒரு மங்கைக் கடகடவென்று குடித்து, கவிழ்த்துக் காட்டி, மீசையைத் துடைத்துக்கொண்டு சிரித்தான். வரிசையில் ஒரு மங்குகூட நீளவில்லை.

"என்னாலா பாக்குறீங்க? குடிச்சிட்டேன்ல?" என்றான்.

"குடிச்ச, சரி" என்றான் அப்பாவு. "ஆப்பம் எங்க?"

அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. மறுநாள் இரண்டு மங்கு குடித்துக் காட்டினான். அதற்கும் அதே கேள்விதான். கடை ஈயாடியது. சர்க்கார் முத்திரையும் வாட்டசாட்டமான வயிறும் ஒன்றாகச் சேர்ந்தும் ஒரு தட்டை ஆப்பத்தை ஜெயிக்க முடியவில்லை. மாதம் முடியுமுன் இராமசாமியின் கார் கருப்பம்மாள் வீட்டு வாசலில் வந்து நின்றது.

"கடையத் தொற" என்றார், அவள் முகத்தைப் பார்க்காமல்.

"பொங்காதத திருப்பி எடுத்துக்குவீங்களா மொதலாளி?"

அவர் வானத்தைப் பார்த்தார், காரைப் பார்த்தார். "எடுத்துக்கிறேன், எடுத்துக்கிறேன்" என்றார்.

கடை திறந்த அன்று சாயங்காலம் வரிசை ரோடு வரைக்கும் நின்றது. துணி கூடாரமாகத் தூக்கியிருந்தது. முதல் ஆப்பம் வெளுப்பாக, நடுவில் கண் கண்ணாகப் பூத்து வந்தது. அப்பாவு அன்றைக்கு அதை அமுக்கிக்கூடப் பார்க்கவில்லை. மங்கை நீட்டிக்கொண்டு, சன்னாசி நின்ற இடத்தில் நின்றுகொண்டிருந்த செல்லாயியைக் கொஞ்ச நேரம் பார்த்தான்.

"சன்னாசி அண்ணே காலத்துலயே இந்த ஆப்பம் இருந்திருக்கணும் அண்ணி. இருந்திருந்தா அண்ணே இருந்திருப்பாரு" என்றான்.

 செல்லாயி அவன் மங்கை வாங்கி நிறைய ஊற்றினாள்.

"இருந்துச்சு தம்பி" என்றாள். "எங்க வீட்டு அடுப்புலயே இருந்துச்சு. நான் அரிசியத் திட்டிக்கிட்டு இருந்தேன்."

அப்பாவு மங்கை வாங்கிக்கொண்டு ஒதுங்கினான். பின்னால் நின்றவன் தன் மங்கை நீட்டினான்.